எட்டாவது டிரான்சிஸ்டர்

மதிய வெயில் ஜன்னல் வழியாக மேஜையில் விழுந்து, சால்டரிங் புகையை நீலக்கோடாகக் காட்டுகிறது. அக்கா தன் சின்தசைசர் என்ற மின்னிசைக் கருவிக்காகக் கையாலேயே செய்த, இரைச்சல் எழுப்பும் சர்க்யூட் பலகை அங்கே திறந்துகிடக்கிறது. ஒரு கால் வெட்டப்பட்ட டிரான்சிஸ்டர்தான் அதில் மழைபோல இரைகிறது. ஏழு டிரான்சிஸ்டர்கள் ஒழுங்காக இரையாமல் உயிரை வாங்கிவிட்டு ஓரமாகக் குவிந்திருக்கின்றன. எட்டாவதுதான் வழிக்கு வந்திருக்கிறது. எதிரே, பலகையோடு இணைத்த ஹெட்போனை மாட்டிய தம்பி உட்கார்ந்திருக்கிறான். தகடு வெட்டும் பட்டறையில் பதினோரு வருஷம் நின்றவன். மூன்று மாதமாக அவன் காதுக்குள் ஒரு விசில் ஓயாமல் ஊதுகிறது, தூக்கம் போய் கண்கள் குழிந்துவிட்டன. அந்த விசிலை இரைச்சலால் மூடிவிட முடியுமா என்று பார்க்கிறாள் அக்கா. மெல்லிய திருப்புளியை வால்யூம் திருகின் பள்ளத்தில் வைத்து, மூச்சைப் பிடித்துத் திருப்புகிறாள். "அய்யோ, காதைப் பிச்சிடும் போல இருக்கு!" என்று துள்ளுகிறான் தம்பி. "கத்தாதடா, குறைக்கிறேன்." மயிரிழை அளவு பின்னால் வருகிறாள். "இப்ப?" "விசில் மறுபடி தலையைக் காட்டுதுக்கா." இன்னொரு மயிரிழை முன்னால். அவன் முகம் அப்படியே நிற்கிறது. "அக்கா... அதைக் காணோம்." "நிஜமாவா?" "அங்கேயே விடு. தொடாத." இடது காதைப் பொத்தியே பழகிய கை மெல்ல மடிக்கு இறங்குகிறது. தோள்கள் தளர்கின்றன, தலை நாற்காலி முதுகில் சாய்கிறது. "திருகுல பசை வச்சு இங்கேயே நிறுத்திடட்டுமா?" பதிலுக்குக் குறட்டை வருகிறது. சின்ன வயதில் இதே குறட்டைக்குத் தலையணையை விட்டெறிந்தவள், இப்போது திருப்புளியைப் பள்ளத்திலிருந்து எடுக்கக்கூடப் பயந்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள்.