முகத்து நடுவில் ஒரு வெட்டு

“ஈவாஞ்சலின் மைனி முகத்துல வெட்டு சரியா நடுவுல விழணும் அண்ணாச்சி. மூக்கு ரெண்டாப் பிரியணும்.”

விஜிலா டீச்சர் இப்படிச் சொன்னதும் ஸ்டூடியோ அருமைநாயகம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளை ஒரு தடவை பார்த்தார். சாந்தமான முகம். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழுவின் முதல் வரிசையில் நிற்பவள். உள்ளுக்குள் இவ்வளவு வன்மம் இருக்குமா?

தூத்துக்குடியில் அவர் கடையில் இப்போது நன்றாக ஓடுவது இந்தப் பட்டைப் படம்தான். வித்தை ஒன்றும் பெரிதில்லை. பிரிண்ட் போட்ட படத்தை ஸ்டீல் ஸ்கேல் வைத்து பிளேடால் நெட்டுக்குத்தாகப் பட்டை பட்டையாகக் கீறுவார். ஒரு பட்டையை விரற்கடை மேலே தள்ளி, அடுத்ததை விரற்கடை கீழே இறக்கி, கறுப்பு அட்டையில் ஒட்டிவிடுவார்.

துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஒன்றை அப்படி வெட்டி வாசலில் மாட்டியிருந்தார். அசையாத தண்ணீரும் அதில் அசைகிற மாதிரி இருக்கும். முத்துக் குளிக்கிறவன் அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் கப்பல் இப்படித்தான் தெரியுமோ என்று அவருக்கே தோன்றும். எதிரே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விஜிலா கொண்டுவந்தது குடும்பப் படம். முத்துநகர் கடற்கரையில் சாயங்கால வெளிச்சத்தில் எடுத்தது. அவள், கணவன் பிரைட்டன், இரண்டு பெண் பிள்ளைகள், ஓரத்தில் பிரைட்டனின் அக்கா ஈவாஞ்சலின். சனிக்கிழமை அவர்கள் புது வீட்டுப் பிரதிஷ்டை. போதகர் வந்து ஜெபிக்கும்போது ஹாலில் இந்தப் படம் தொங்க வேண்டுமாம்.

ஆகாத நாத்தனார் என்றால் ஓரத்தில்தானே நிற்கிறார், அப்படியே நறுக்கி எடுத்துவிடலாமே என்று அவர் சாடையாகச் சொல்லிப் பார்த்தார்.

அவள் பதறிவிட்டாள். மைனி இல்லாத படம் அந்தச் சுவருக்கே வேண்டாம் என்றாள். எல்லார் முகத்திலும் வெட்டு விழட்டும், ஆனால் மைனி முகம் மட்டும் தப்பவே கூடாது என்றாள். ஏன் என்று அவர் கேட்டதும் முன்பணத்தை எடுத்து மேஜையில் வைத்தாள்.

சொந்தக்காரர்கள் கேட்டால் நாத்தனாரும் இருக்கிறாள் என்று காட்ட வேண்டும், அதே சமயம் அவள் முகம் கண்ணில் படவும் கூடாது; இதுதான் விஜிலாவின் கணக்கு என்று அவருக்குப் பட்டது. கெட்டிக்காரிதான். அவருக்குக் கோபம் கோபமாக வந்தது.

மறுநாள் மத்தியானம், கடைக்கு ஆள் வராத நேரத்தில் வெட்ட உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக உப்புக்காற்று வந்துகொண்டிருந்தது. பிரைட்டனின் நெற்றி ஏறியது, கன்னம் இறங்கியது. விஜிலாவின் கண்கள் ஒன்றுக்கொன்று கோபித்துக்கொண்ட மாதிரி விலகின. பிள்ளைகள் இரண்டு பேரும் தண்ணீருக்குள் நிற்பதுபோல் நெளிந்தார்கள். தூக்கமும் விழிப்புமாக வெட்டிக்கொண்டே போனவர் ஈவாஞ்சலினிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

அந்த அம்மா உதட்டை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல கனவு ஒன்றைக் கண்டுவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிற குறும்பு அதில் இருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு மனசு இளகிப்போனது.

இந்த முகத்தில் பிளேடு வைக்கவே கூடாது என்று முடிவு செய்தார். அவள் நிற்கும் இடத்தை ஒரே அகலப் பட்டையாக விட்டு ஒட்டினார். பாவப்பட்ட ஒருத்திக்கு நியாயம் செய்துவிட்ட திருப்தியோடு சாப்பிடப் போனார்.

வெள்ளிக்கிழமை விஜிலா வந்தாள். படத்தை வாங்கிப் பார்த்தவள் ஈவாஞ்சலின் முகத்தின் மேல் விரலை வைத்தாள்.

“எங்க எல்லாரையும் வெட்டிட்டு இவங்களை மட்டும் விட்டுட்டீங்களே அண்ணாச்சி.”

“ஆமா டீச்சர். வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்கிடுங்க. இவ்வளவு அழகாச் சிரிக்கிற முகத்தை என்னால கீற முடியாது.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அவங்க சிரிச்சா பாதிதான் வரும் அண்ணாச்சி. ஆறு வருஷத்துக்கு முந்தி முகவாதம் வந்து வாய் ஒரு பக்கமா இழுத்துட்டு. அதுக்கப்புறம் நேராகவே இல்ல. அதுலேருந்து எந்தப் படத்துலயும் நிக்க மாட்டாங்க. பழைய வீட்டுல இருந்த படத்தையெல்லாம் கழட்டி வச்சிட்டாங்க. அன்னைக்கு எங்க சின்னவ ஏதோ சொல்லப்போய், மறந்து நின்னுட்டாங்க.”

அருமைநாயகத்துக்கு முகம் சுண்டிப்போனது. அப்படியென்றால் எதற்கு வெட்டச் சொன்னாள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“எங்க எல்லார் முகமும் கோணலா இருந்தா, அவங்க மட்டும் கோணலாத் தெரிய மாட்டாங்கல்லா.”