மத்தியான நிகழ்ச்சிக்கு ஒரு ரசிகை

"தாத்தா, ரிமோட்டைக் கீழே வைங்க! இப்போ மத்தியான நிகழ்ச்சி வந்துடும். சேனலை மாத்தினீங்க, அப்புறம் எனக்குப் பொல்லாத கோபம் வரும்!" என்று அதட்டினாள் சலூன் நடத்தும் மிட்சுயோ.

முடிவெட்டிக்கொள்ளக் காத்திருந்த ஓகாத்தா தாத்தா, எடுத்த வேகத்தில் ரிமோட்டை வைத்துவிட்டார்.

சலூன் நாற்காலியில் சாய்ந்திருந்த குனிமோத்தோவுக்கு உச்சி குளிர்ந்தது. அந்த மத்தியான நிகழ்ச்சியைத் தயாரிப்பவரே அவர்தான். மூன்று வருடமாகத் தூக்கம் மறந்து உருவாக்கியது. "யாருமே பார்க்கிறதில்லை, நிறுத்திடலாம்" என்று மேலதிகாரிகள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நாளை டோக்கியோவில் அதற்கான கூட்டம். தொயாமா ஊரில் ஒரு சலூனில் தினமும் இதைத்தான் போடுகிறார்கள் என்று யாரோ காதில் போட, புல்லட் ரயில் ஏறி இங்கே ஓடி வந்திருந்தார். தான் யார் என்பது பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

"இந்தப் பொது ஒளிபரப்புச் சேனல்ல அப்படி என்னம்மா இருக்கு?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்.

மிட்சுயோ அவர் முகத்தில் சோப்பு நுரையைத் தடவியபடியே ஆரம்பித்தாள்.

"நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு சார். பூகம்பம் வந்தா, கடை ஆடி நிக்கறதுக்குள்ள எங்கே, எவ்வளவு, சுனாமி வருமான்னு எல்லாத்தையும் சொல்லிடுவாங்க. அதுல அவங்கள அடிச்சுக்க ஆளே இல்ல. அவங்க போடற காலைத் தொடர் முடிஞ்ச பிறகுதான் இந்தத் தெருவுல கடைங்களே திறக்கும்."

"கெட்டது?"

"விளம்பரமே கிடையாதே!" என்று குறுக்கே புகுந்தார் தாத்தா. "மனுஷன் பாத்ரூமுக்கு எப்பத்தான் எழுந்து போறது?"

"அது மட்டுமா? ஏதோ ஊர்ல கத்தரிக்காய் காய்ச்சதை அரை மணி நேரம் காட்டறாங்க. பார்த்துட்டு இருக்கிற நாமளே பழுத்துடுவோம் போல இருக்கு!" என்றாள் மிட்சுயோ.

குனிமோத்தோ விஷயத்துக்கு வந்தார். "அந்த மத்தியான நிகழ்ச்சி?"

"அதை மட்டும் குறை சொல்ல மாட்டேன் சார். சொன்னா என் நாக்கு அழுகிடும்."

டிவியில் நிகழ்ச்சி ஆரம்பித்தது. கோட்டு சூட்டுப் போட்ட இரண்டு பேர் மேடைக்கு வந்து, இடுப்பு வரை குனிந்து வணங்கி, பேசத் தொடங்கினார்கள். மிட்சுயோ கத்தியைக் கையில் எடுத்தாள்.

"தாத்தா உட்கார்ந்திருக்கிற அழகைப் பாருங்க! இந்த நாற்காலியில உட்கார்றவங்களும் அப்படித்தான். ஆடமாட்டாங்க, அசையமாட்டாங்க."

குனிமோத்தோவுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. ஊரே கைவிட்ட நிகழ்ச்சியை இப்படி லயித்துப் பார்க்கவும் ஆள் இருக்கிறதே!

"இதை நிறுத்தப் போறதா ஒரு பேச்சு அடிபடுதே..." என்று மெல்லப் போட்டுப் பார்த்தார்.

கன்னத்தில் ஓடிய கத்தி நின்றது. "எந்தப் பாவி சொன்னான்? நிறுத்தினா நான் கடையை மூட வேண்டியதுதான்! டோக்கியோவுக்கே போய் அவங்க ஆபீஸ் வாசல்ல உட்கார்ந்துடுவேன், ஆமா!"

போதும். நாளைக்குக் கூட்டத்தில் இதைச் சொன்னால் எவன் வாயைத் திறப்பான்? குனிமோத்தோ மனசுக்குள் அப்போதே மேலதிகாரிகளை ஒரு கை பார்த்துவிட்டார்.

"அவ்வளவு பிடிக்குமாம்மா உங்களுக்கு?"

"பிடிக்கிறதாவது! என்ன பேசறாங்கன்னே நான் காதுல வாங்கினதில்ல. வருமான வரி பத்தியோ, வாய்க்கால் வரப்பு பத்தியோ, யார் கண்டா?" என்றபடி மிட்சுயோ அவருடைய மோவாயை நிமிர்த்தினாள். "மத்த சேனலைப் போட்டா, ஷேவிங் பண்ணும்போது சிரிச்சுத் தொலைக்கிறாங்க சார். போன வருஷம் தாத்தா குலுங்கின குலுங்கல்ல காது நுனியையே சீவிட்டேன். இதைப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து ஒருத்தர் உதடு அசையணுமே? ஒரு கீறல் கிடையாது!"

"அம்மா, அது எங்க நிலையத்தோட நகைச்சுவை நிகழ்ச்சி" என்று சொல்ல வாயெடுத்த குனிமோத்தோ, கத்தி தொண்டைக்கு வந்துவிட்டதால், வாயை மூடிக்கொண்டார்.