புதுப் பாவு

டொரண்டோவில் மைனஸ் இருபது என்று மகன் சொன்னதிலிருந்து உமாபதி வீட்டுக்குள்ளேயே குரங்குக் குல்லாவோடு திரிந்தார்.

"இப்பவே பழகிக்கணும் இல்ல?"

ஆறு மாதப் பயணம். டிக்கெட் விஷயமெல்லாம் மகனோடு பேசி முடித்தது மனைவி குழலிதான்.

கிளம்புவதற்கு முதல் நாள் பார்த்தால், கடைசிப் புடவையை அறுத்தெடுத்து அவர் காலியாக விட்டிருந்த தறியில் புதுப் பாவு நூல் ஏறியிருந்தது. நெய்து முடிக்க இரண்டு மாதமாகும்.

"நாம ஊர்ல இல்லாதப்ப இத யாரு நெய்யறது, குழலி?"

அவள் வாய் திறக்குமுன் மகன் போனில் வந்தான்.

"ஏம்ப்பா, தறிய விட்டு வரவே மாட்டேன்னு அடம் புடிச்சீங்களாமே? அம்மா அழுதுக்கினே சொன்னாங்க. அதான் அவங்களுக்கு மட்டும் டிக்கெட் போட்டேன்."

உமாபதி மனைவியைப் பார்த்தார்.

குழலி அவர் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"இங்க உங்களுக்கு எதுக்கு?"