பொருக்குக்கிருமியின் வயிற்றெரிச்சல்

சாணிக்குழியின் அடியில் ஒரு கிருமி இருந்தது. மேலே காய்ந்த பொருக்கில் இன்னொன்று. மார்கழிக் குளிரில் இரண்டும் முடங்கிக் கிடந்தன. சித்திரை வெயில் ஏறியதும் அடிக்கிருமி நாற்றத்தைக் கிளப்பியது. பொருக்குக்கிருமி அதில் முக்கால்வாசியைத் தின்று தீர்த்தது.

ஆனால் போவோர் வருவோரெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடியில நல்லா வேலை நடக்குது!" என்றே பேசினார்கள். பொருக்குக்கிருமிக்கு வயிறு எரிந்தது.

"மாடா உழைக்கிறது நான், பேரு அவனுக்கா? இன்னிக்கு ஒரு வாய்கூடத் திங்கமாட்டேன். அப்பத் தெரியும் என் அருமை!"

நாற்றம் ஊரெல்லையைத் தாண்டியது. மாட்டுக்காரர் பேச்சிமுத்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். "இந்தப் பொருக்குதான்யா நாறுது!" என்று வழித்து வெளியே வீசினார்.

வெயிலில் காய்ந்து சாகும்போதும் பொருக்குக்கிருமி குழியையே பார்த்தது.

"மொத்தக் குழியும் இப்ப அவனுக்கா?"