கடைசி வீட்டு அடுப்பு

ஹெதர் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, பேக்கிங் அடுப்புக்குள் தோள்வரை கையை விட்டுக் கரியைச் சுரண்டுகிறாள். திரை கழற்றிய ஜன்னல் வழியே யார்க்‌ஷயரின் மழை வெளிச்சம் வெற்றுச் சுவரில் படிகிறது. இன்று பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பை ஒப்படைக்க வேண்டும். வீட்டைச் சோதிக்க வரும் அதிகாரி முதலில் அடுப்புக்குள்தான் விரலால் தேய்த்துப் பார்ப்பார். கறை இருந்தால் பட்டாளத்தில் இருக்கும் கணவன் டங்கனுக்குத்தான் கெட்ட பெயர். அவனுக்கு ஊர் மாற்றல் வந்த ஒவ்வொரு முறையும் அவள் தன் வேலையை விட்டாள், இப்படி ஓர் அடுப்பைச் சுரண்டினாள். விவாகரத்து கேட்டிருக்கும் டங்கன், பளபளக்கும் பூட்ஸோடு வாசலில் நிற்கிறான்.

"மூலையில இன்னும் இருக்கு பாரு," என்கிறான். "சோபா, கார், நாய், எல்லாத்தையும் நீயே எடுத்துக்கோ. பென்ஷன்ல மட்டும் பங்கு கேக்காத. பட்டாளத்துல இருந்தது நானு, நீயில்ல."

சுரண்டும் சத்தம் நிற்கிறது. அவள் எழுந்து, கரி ஒழுகும் கையுறையைக் கழற்றுகிறாள். சுரண்டிய கம்பி நாரை அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்துகிறாள்.

"அப்ப இதுவும் பட்டாளத்து வேலைதான். நீயே செய். பென்ஷன கோர்ட்டுல பேசிக்கலாம்."

வெளியே அதிகாரியின் கார் கதவு சாத்தப்படுகிறது. டங்கன் அவளைப் பார்க்கிறான், அடுப்பைப் பார்க்கிறான், பூட்ஸ் மடங்க மண்டியிடுகிறான். ஹெதர் கட்டிவைத்த பெட்டிமேல் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரை உறிஞ்சுகிறாள்.

"மூலையில இன்னும் இருக்கு பாரு."