குழந்தை படுக்கும் பக்கம்

தங்கைக்குப் பிறந்த குழந்தைக்கு விரிப்பு தைக்க, செண்பகவல்லி பழைய துணிகளைக் கூடையில் சேர்த்தாள். கிழிந்த வேட்டியைப் பார்த்துப் பட்டுச்சேலை சிரித்தது.

"உனக்கு இங்கே என்னப்பா வேலை? அடுப்படியில் கரித்துணி இல்லையாம், போ."

வேட்டிக்கும் அந்தப் பயம்தான். "பன்னிரண்டு வருஷம் துவைபட்ட உடம்பு அக்கா. தையல் தாங்குமோ என்னவோ."

செண்பகவல்லி இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பட்டின் ஜரிகை உறுத்தியது. அதை அடியில் கொடுத்து, வேட்டியை மேலே வைத்துத் தைத்தாள்.

குழந்தையைக் கிடத்திய சற்று நேரத்தில் விரிப்பு நனைந்தது.

"ஐயே, உன்னை நனைத்துவிட்டதா?" என்று கீழேயிருந்து கேட்டது பட்டு.

"முழுக்க நனைந்துவிட்டேன் அக்கா," என்றது வேட்டி பெருமையாக. "உங்கள் ஜரிகைக்கு ஒரு சொட்டுகூட விடவில்லை."