அச்சு அசலாக

புத்தர் கோயிலின் புது ஐந்தடுக்குக் கோபுரத்தின் எதிரே, எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கிழவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். தோள்கள் குலுங்கின.

பக்தி முற்றி அழுகிறார் என்று நினைத்தார் தலைமைத் துறவி ஷின்காய். பிறகுதான் கிழவர் கையிலிருந்த தூரிகைப் பை கண்ணில் பட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"படம் போடுற ஆளா? மரத்துல செதுக்கி, தாள்ல அடிச்சு, சந்தைக்குச் சந்தை விக்கிற கூட்டம்தானே?"

"ஆமா சாமி. பேரு நெமோதோ. கோயிலை வரைஞ்சுக்கலாமான்னு கேக்க வந்தேன்."

"ஒண்ணும் வேண்டாம். உச்சி வெயில்ல நிலாவைப் போடுவீங்க. கோடையில பனியைக் கொட்டுவீங்க. புத்தர் குடியிருக்கிற இடம் உங்களுக்கு நூடுல்ஸ் கடைச் சுவருல ஒட்டுற சரக்கு."

கிழவர் கோபப்படவில்லை. "நெருப்புல எல்லாமே போச்சுன்னாங்களே. எதைப் பார்த்துத் திரும்பக் கட்டுனீங்க?"

ஷின்காய் நிமிர்ந்தார். கோயில் எரிந்து அறுபது வருஷம் ஆகிறது. அதைப் பார்த்தவர் ஒருவரும் ஊரில் மிச்சமில்லை. கியோட்டோவிலிருந்து வந்த அவர்தான் கிழக்குச் சரிவின் தேவதாரு மரங்களை மொட்டையாக வெட்டி, பாதி ஆயுளைக் கரைத்து இதை எழுப்பியிருந்தார். நாளைக்குத் திறப்பு விழா. பெரிய மடத்துத் துறவிகள் எல்லாரும் மலையேறி வருகிறார்கள்.

"ஒரு பழைய படம் கெடைச்சுது. அதை வெச்சுத்தான் கட்டுனேன். அச்சு அசலா அப்படியே. ஒரு விரக்கடை மாறல."

"அதுவும் மர அச்சுப் படம்தானா?"

"ஆமா. ஆனா அதைப் போட்டவனை உங்க கூட்டத்துல சேர்க்காதீங்க. அவன் ஞானி. கண்ணால பாக்காத ஒரு கோட்டைப் போட்டிருக்க மாட்டான். பேரு இருந்த மூலையைப் பூச்சி அரிச்சிருச்சு. இல்லேன்னா அவனுக்கு இங்கேயே ஒரு கல்லு நட்டிருப்பேன்."

"தோண்டும்போது பழைய அஸ்திவாரம் தெரிஞ்சிருக்குமே சாமி?"

"மண்டபத்துக்கெல்லாம் தெரிஞ்சுது. கோபுரத்துக்கு மட்டும் ஒரு கல்லுகூடக் கெடைக்கல. மண்சரிவுல உருண்டு போயிருக்கும். உங்களுக்கு ஏன்யா இந்த ஆராய்ச்சி? வாசல் அந்தப் பக்கம்."

கிழவர் ஐந்தடுக்கையும் அடியிலிருந்து நுனிவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு இடுப்பை வளைத்து, துறவியை ஆழமாக வணங்கினார்.

"இங்க கோபுரமே இருந்ததில்ல சாமி, தாள்ல அந்த ஓரம் காலியாத் தெரிஞ்சுது, நான்தான் ஒண்ணைப் போட்டு வெச்சேன்."